எரு போட்டும் பயிர் ஏன் மஞ்சளடித்தது? தம்பலகாமத்து இரண்டு ஏக்கரில் ஒரு நைதரசன் கணக்கு

2021 டிசம்பர் முதல் வாரம். விதைத்து 24ஆம் நாள். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் மாமாவின் வயல் வரம்பில் நானும் அவரும் நின்றிருந்தோம். மாமா குனிந்து ஒரு பயிரைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய சேற்றை வாய்க்கால் தண்ணீரில் அலசி என் கையில் தந்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பும் கறுப்புமாக இருந்தது. கீழ் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி, அந்த மஞ்சள் நடு நரம்பு வழியாக அடிப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதுக்கு மூன்று நான்கு பக்கக் கிளைகளாவது வந்திருக்க வேண்டும். அந்தப் பயிரில் ஒன்றுதான் இருந்தது.

"ஏக்கருக்கு ரெண்டு தொன் கூட்டெரு போட்டனான் மருமகன். எரு போட்ட வயல் மஞ்சளடிக்குமா?"

மாமா கேட்டதில் கோபத்தை விடக் குழப்பம்தான் அதிகம். நாற்பது வருடமாக நெல் செய்கிறவர். அவரின் அப்பா காலத்தில் மாட்டுப்பட்டி எருவை நம்பித்தான் வயல் விளைந்தது. எரு போட்டால் பயிர் கறுக்கும், அதாவது கரும்பச்சை ஏறும் என்பதுதான் அவர் கண்ட உண்மை. இந்த முறை எரு போட்ட இடமே வெளுத்துக் கிடந்தது. வயலின் ஓர் ஓரத்தில் எரு வந்து சேராமல் விடுபட்ட ஒரு பட்டை இருந்தது. அந்த இடம் மட்டும் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்ததுதான் அவரை இன்னும் குழப்பியது.

அந்தப் பட்டையில்தான் விடை இருந்தது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு போகம் போனது. சரிசெய்ய இன்னொரு போகம் ஆனது.

எந்த நேரத்தில் நடந்தது

அந்த ஆண்டு மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் கடைசியில் தடை நீங்கியபோது எங்கள் பக்கம் பெரும்போக, அதாவது மாரிமழைப் பருவ விதைப்பு முடிந்துவிட்டது. யூரியா கையில் இல்லை. கூட்டெரு செய்யச் சொன்னார்கள், எல்லோரும் செய்தார்கள். அந்தப் பெரும்போகத்தில் நாடு முழுவதற்குமான நெல் உற்பத்தி முந்திய பெரும்போகத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. கிண்ணியா, மூதூர், கந்தளாய், தம்பலகாமம் என்று எங்கு கேட்டாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஊரில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. "சேதனப் பசளை ஒன்றுக்கும் உதவாது, மண்ணைத் தின்றால் வயிறு நிறையுமா" என்று ஒரு கட்சி. "எரு நல்லதுதான், மண் மாற நாலைந்து வருடம் எடுக்கும், பொறுங்கள்" என்று மற்றது. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் வரம்பில் நிற்கும் ஒருவருக்கு இரண்டுமே உதவாது. அவருக்குத் தேவை, எந்த எருவில் எவ்வளவு நைதரசன் இருக்கிறது, அதில் எவ்வளவு இந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்கும், எந்தக் கிழமையில் கிடைக்கும் என்ற கணக்கு. அந்தக் கணக்கை மாமாவின் வயலுக்குப் போட்டுப் பார்த்த கதைதான் இது.

வயலைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு ஏக்கர், கந்தளாய்க் குளத்துப் பாய்ச்சல். மேட்டுப்பக்கம் மணல் கலந்த செம்மண், பள்ளப்பக்கம் களி. விதைப்பது மூன்றரை மாத நெல், சேற்று விதைப்பு. நல்ல போகத்தில் ஏக்கருக்கு 28 மூடை, மூடை 66 கிலோ அளவில். வடிகிற தண்ணீர் கடைசியில் தம்பலகாம விரிகுடாவுக்குத்தான் போகும். இதைப் பின்னால் சொல்வேன்.

பயிர் கேட்டது எவ்வளவு, நாங்கள் கொடுத்தது எவ்வளவு

28 மூடை என்றால் ஏறக்குறைய 1850 கிலோ நெல். ஒரு தொன் நெல் விளைவிக்கப் பயிர் 15 முதல் 20 கிலோ நைதரசன் எடுக்கும். ஆக, 28 மூடைக்குப் பயிர் சுமார் 32 கிலோ எடுக்க வேண்டும். இதில் பாதிக்கு மேல், 20 கிலோ அளவு, மண்ணும் மழையும் பாய்ச்சல் தண்ணீரும் தாமாகவே கொடுத்துவிடும். மிச்சம் 12 கிலோதான் நாங்கள் கொடுக்க வேண்டியது.

12 கிலோ தானே என்று தோன்றும். ஆனால் மாமா வழக்கமாகப் போட்டது ஏக்கருக்கு 90 கிலோ யூரியா. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், ஆக 41 கிலோ. 41 போட்டால் பயிருக்குள் போவது 12 முதல் 16 வரை. நெல் வயலில் யூரியா நைதரசனின் 30, 40 சதவீதம் பயிரில் சேர்ந்தாலே சாதாரண நிலை. மீதி எங்கே போகிறது? நின்ற தண்ணீரில் யூரியாவை எறிந்தால் அது கரைந்து அமோனியமாகும். மத்தியானம் பாசி வெயிலைக் குடித்து வளரும்போது தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அமோனியம் வாயுவாகிப் பறந்துவிடும். காய்ந்து திரும்ப நனைகிற வயலில் இன்னொரு பகுதி நைத்திரேற்றாகி, பிறகு நைதரசன் வாயுவாகி மேலே போய்விடும். வக்கடை, அதாவது வரம்பில் தண்ணீர் வடியும் வாய், திறந்திருந்தால் மிச்சம் வாய்க்காலில்.

இப்போது கூட்டெருப் பக்கம் வருவோம். மாமா போட்ட இரண்டு தொன்னில் பாதி ஈரம். காய்ந்த எடை ஆயிரம் கிலோ. நன்றாக மக்கிய கூட்டெருவென்றால் அதில் ஒரு சதவீதம் நைதரசன் இருக்கும், அதாவது 10 கிலோ. அந்தப் பத்தும் முதல் போகத்திலேயே வெளியே வராது. நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்த்துக் கொடுக்கும். முதல் போகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வந்தால் நல்லது. ஆக, 2 கிலோ.

41 கிலோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 2 கிலோ வைத்திருக்கிறோம். இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப இருபது கிலோ குடுக்கோணுமெண்டா எத்தனை பெட்டி எரு வேணும்?" என்று கேட்டார். இருபது தொன். உழவு மெசின் பெட்டியில் எட்டு, பத்து நடை, ஒரு ஏக்கருக்கு. அவ்வளவு எரு தம்பலகாமத்தில் எங்கே இருக்கிறது?

இது நல்ல கூட்டெருவுக்கான கணக்கு. மாமாவுடையது நல்ல கூட்டெருவும் இல்லை.

குவியலைத் தோண்டிப் பார்த்தது

வீட்டுக் கோடியில் மிச்சக் குவியல் இருந்தது. மண்வெட்டியால் நடுவில் வெட்டினோம். வைக்கோல் தாள் இன்னும் தாளாகவே இருந்தது. இரண்டு கையால் பிடித்து இழுத்தால் இறப்பர் மாதிரி இழுபட்டுத்தான் அறுந்தது. நன்றாக மக்கிய எருவில் தாளை விரல் நடுவில் வைத்து நசுக்கினாலே தூளாகும். நிறமும் கறுப்பில்லை, தேயிலைச் சாயத்தில் முக்கிய மாதிரி ஒரு பழுப்பு. ஆறு கிழமைக்கு முன் வைக்கோலை அடுக்கி, இடைக்கிடை கொஞ்சம் சாணம் கரைத்து ஊற்றி, ஒரேயொரு தடவை புரட்டிவிட்டு, அவசரத்தில் வயலுக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

வைக்கோலில் நைதரசன் நூற்றுக்கு 0.6 அளவுதான். காபன் நிறைய. ஒரு பங்கு நைதரசனுக்கு 70 பங்கு காபன் வரை இருக்கும். வைக்கோலைத் தின்று பெருகும் நுண்ணுயிருக்குத் தன் உடம்பு கட்ட நைதரசன் வேண்டும். அது வைக்கோலில் போதாது. அப்போது மண்ணில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். காபன் 20, 25 பங்குக்குக் கீழே இறங்கின பிறகுதான் எரு கொடுக்கத் தொடங்கும். அதுவரை அது வாங்கும். ஒரு தொன் காய்ந்த வைக்கோல் முதல் சில கிழமைகளில் ஐந்தாறு கிலோ நைதரசனை மண்ணிலிருந்து பிடித்து வைத்துக்கொள்ளும்.

எரு படாத பட்டை ஏன் பச்சையாக இருந்தது என்பது இப்போது விளங்கியிருக்கும். அங்கே மண் கொடுத்ததைப் பயிர் மட்டும் எடுத்தது. மற்ற இடத்தில் பயிரும் நுண்ணுயிரும் ஒரே சோற்றுக்குப் போட்டி. அந்தப் போட்டியில் 24 நாள் பயிர் வெல்ல முடியாது.

வேர் கறுத்ததும் அதே கதையின் இன்னொரு பக்கம். வயலுக்குள் கால் வைத்து அழுத்தினால் குமிழி குமிழியாக வந்து, கூழ்முட்டை மணம் அடித்தது. மக்காத வைக்கோல் தண்ணீருக்கடியில் அழுகும்போது மண்ணில் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. அப்போது உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு வேரைத் தாக்குகிறது. கருகிய வேர், இருக்கிற நைதரசனையும் எடுக்காது. இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு விடும்வரை காற்றாட விட்டோம். வேர் தேறியது. ஆனால் காயவிட்டுத் திரும்பப் பாய்ச்சியதில் கொஞ்ச நைதரசனும் வாயுவாகப் போயிருக்கும். வேறு வழி இருக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் மனவருத்தம். 60, 65 நாளுக்குப் பிறகு வயல் மெல்லக் கறுத்தது. நுண்ணுயிர் பிடித்து வைத்திருந்ததை விடத் தொடங்கிவிட்டது. ஆனால் கிளை விடும் காலம் எப்போதோ முடிந்து, பயிர் குடலைக்கு, கதிர் உள்ளே திரளும் பருவத்துக்கு, போய்க்கொண்டிருந்தது. இருந்த கொஞ்சக் கதிர் கொழுத்தது, புதுக் கதிர் வரவில்லை. பச்சை இலை பிந்தி நின்றதால் பூச்சியும் கூட. வெட்டு மெசின் போனபோது ஏக்கருக்கு 15 மூடை. நைதரசன் வயலில் இல்லாமல் இல்லை. தேவைப்பட்ட கிழமையில் இல்லை.

வைக்கோல் முதலில் எங்கே போக வேண்டும்

அடுத்து வந்த 2022 சிறுபோகத்தை, அதாவது கோடைப் போகத்தை, எரிபொருள் தட்டுப்பாட்டின் டீசல் வரிசை விழுங்கிவிட்டது. அதைப் பற்றி எழுத இங்கே ஒன்றுமில்லை. 2022/23 பெரும்போகத்துக்கு நாங்கள் ஆவணியிலேயே உட்கார்ந்து பேசினோம். யூரியா திரும்ப வந்திருந்தது, ஆனால் 50 கிலோ மூடை 10,000 ரூபாய். 90 கிலோ போடுகிற பழக்கத்தைப் பாதியாக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

எருவை எங்கே எடுப்பது என்ற பேச்சில்தான் கிண்ணியாவில் பட்டி வைத்திருக்கும் ஒரு காக்காவிடம் போனோம். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். மாமாவுக்கு நீண்ட காலப் பழக்கம். அவரின் பட்டியடியில் நின்றபோது காலைப் பனியோடு ஒரு காரம் மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. அதுதான் அமோனியா. மாட்டின் உடம்பிலிருந்து வெளியேறும் நைதரசனில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது. சாணத்தை அள்ளுகிறோம், மூத்திரத்தை நிலத்துக்கும் காற்றுக்கும் விட்டுவிடுகிறோம். அதே நேரம் ஐந்தாறு மைலுக்கு அப்பால், நைதரசன் இல்லாத வைக்கோலை வயலில் வைத்து எரிக்கிறோம்.

இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன? மாமாதான் முதலில் கேட்டார். "காக்கா, நான் வைக்கோல் தாறன். பட்டியில மாட்டுக்குக் கீழ பரப்புங்கோ. ரெண்டு மாசத்தால அதை அப்பிடியே எனக்குத் திருப்பித் தாங்கோ." காக்காவுக்கும் நல்லதுதான், மழைக்குப் பட்டி சேறாகாது. சரி என்றார்.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பெறுமதியான இடம் இதுதான். வைக்கோல் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும்போது அதன் பசி வயலில் அல்ல, பட்டியிலேயே தீர்கிறது. பறந்து போகவிருந்த நைதரசனை அது பிடித்துக்கொள்கிறது. வெறும் வைக்கோலைக் குவித்து மக்கவைக்க மூன்று நான்கு மாதம் எடுக்கும் இடத்தில், மூத்திரம் ஊறிய வைக்கோலைக் குவித்தால் இரண்டாம் நாளே சூடேறுகிறது. குவியலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்தால் கையில் பிடிக்க முடியாது. அந்தச் சூடு சில நாள் நின்றால் நெற்சப்பி விதை முதலான களை விதைகள் பெரும்பாலும் செத்துவிடும். பட்டி எரு என்றாலே களை என்ற பயம் எங்கள் பக்கம் எல்லோருக்கும் உண்டு, நியாயமான பயம். சூடேறாத எருவை வயலுக்குக் கொண்டு போகாதீர்கள். குவியலைக் கிடுகால் மூடியும் வைத்தோம், மழை அடித்தால் சாறு ஓடிவிடும். மழைக்குக் கிடந்து வெளுத்த எருவில் மிஞ்சுவது சக்கைதான்.

வயலில் செய்தது

எல்லா வைக்கோலும் பட்டிக்குப் போகவில்லை. ஏற்றிப் போன கூலி கணக்கில் பாதிதான் கட்டுப்படியானது. மிச்சப் பாதியை எரிக்காமல் வயலில் சீராகப் பரப்பி, புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் உழுதோம், விதைப்புக்கு ஐந்து கிழமைக்கு முன். இந்த ஐந்து கிழமைதான் முக்கியம். தண்ணீர் கட்டாத, ஈரமான, காற்றோட்டமான மண்ணில் வைக்கோல் வேகமாக மக்கும். அந்தக் காலத்தில் அது மண்ணிலிருந்து நைதரசனை இழுத்தாலும் பயிர் இல்லை, யாருக்கும் நட்டமில்லை. அதற்கு மேலே ஒரு நன்மையும் உண்டு. முதல் மழைக்கு மண்ணில் உண்டாகும் நைத்திரேற்று, பிறகு தண்ணீர் கட்டியதும் வாயுவாகிப் போய்விடும். வைக்கோல் நுண்ணுயிர் அதை முன்கூட்டியே பிடித்துப் பத்திரப்படுத்துகிறது. போன போகம் பயிரிடமிருந்து பறித்த அதே நுண்ணுயிர், இந்தப் போகம் பயிருக்காகச் சேமித்தது. மாறியது நாள் மட்டும்தான்.

எரிப்பதைப் பற்றி ஒன்று. வைக்கோலை எரித்தால் அதிலிருக்கும் நைதரசன் ஏறக்குறைய முழுதும் புகையோடு போகும். 28 மூடை விளைந்த ஏக்கரின் வைக்கோலில் அது 10, 11 கிலோ. பொற்றாசியம் அதை விட இரண்டு மடங்குக்கு மேல். பயிர் எடுக்கும் பொற்றாசியத்தில் பெரும்பகுதி நெல்லுக்குப் போவதில்லை, வைக்கோலில்தான் நிற்கிறது. அது சாம்பலில் மிஞ்சினாலும், எரித்த குவியல் இருந்த நாலு இடத்தில் மட்டும் மிஞ்சும். அதனால் பட்டிக்குப் போன வைக்கோல் எருவாக இதே வயலுக்குத் திரும்ப வர வேண்டும் என்பதில் மாமாவிடம் நான் பிடிவாதமாக நின்றேன்.

இரண்டாம் உழவு விதைப்புக்குப் பத்து நாளுக்கு முன். அப்போதுதான் மற்ற மூன்றும் போட்டோம், ஏக்கர் கணக்கில். பட்டி எரு இரண்டு தொன். வேலியிலிருந்து வெட்டிய கிளிரிசிடியா, அதாவது சீமைக்கிளுவை, பச்சையாக ஒரு தொன். பண்ணைக் கோழி எரு 400 கிலோ. போட்ட அன்றே உழுது மண்ணோடு கலந்து, தண்ணீரைக் கட்டி, வக்கடையை அடைத்தோம்.

ஏன் பட்டி எரு மட்டும் போதாது? அது மெதுவான பசளை. இரண்டு தொன்னிலிருந்து போகம் முழுக்க 3 கிலோ வரும். கிளிரிசிடியா இலை வேறு குணம். காய்ந்த எடையில் மூன்றரை சதவீதம் நைதரசன், காபன் அதைப் போலப் பன்னிரண்டு மடங்குதான். அதனால் மண்ணில் போட்ட உடனே கொடுக்கத் தொடங்கிவிடும். ஒரு தொன் பச்சை இலையில் 8 கிலோ நைதரசன், அதில் பாதி நாலைந்து கிழமையில் வெளியே வரும். பயிர் கிளை விடும் காலமும் அதுதான். கோழி எருவும் அதே மாதிரி வேகமானது, 400 கிலோவிலிருந்து 3 கிலோ. ஒன்று முன்னால் ஓடும், ஒன்று பின்னால் வரும்.

வேகமானது என்பதால்தான் இவற்றை முதல் உழவில் போடவில்லை. ஐந்து கிழமைக்கு முன் போட்டிருந்தால் உண்டான நைதரசன் நைத்திரேற்றாகி, தண்ணீர் கட்டிய உடனே போயிருக்கும். தண்ணீர் நிற்கும் மண்ணில் அது அமோனியமாகவே நிற்கும், களி அதைப் பிடித்துக்கொள்ளும். அதே நேரம் விதைப்புக்கு முதல் நாள் போடவும் கூடாது. பச்சை இலை அழுகும் முதல் நாட்களில் வெளிவரும் அமிலங்கள் முளையைக் கெடுக்கும். பத்து நாளிலிருந்து இரண்டு கிழமை இடைவெளி சரியாக இருக்கும்.

ஒரு தொன் இலை வெட்டுவது சும்மா வேலை இல்லை. மாமியும் இரண்டு கூலியாட்களும் ஏக்கருக்கு ஒரு முழு நாள் வெட்டினார்கள். வரம்பிலும் வேலியிலும் நூறு நூற்றைம்பது மரம் இல்லாத வயல்காரருக்கு இது சரிவராது. அவர் இன்றைக்குத் தடி ஊன்றினால் இரண்டாம் வருடத்திலிருந்து வெட்டலாம்.

யூரியாவை அரை ஏக்கர் துண்டு ஒன்றுக்கு அறவே போடவில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. மிச்ச ஒன்றரை ஏக்கருக்கு, நாள் பார்த்துப் போடாமல் இலை பார்த்துப் போடுவது என்று முடிவு. அதற்கு இலை நிற அட்டை பாவித்தோம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய சின்ன பிளாஸ்டிக் அட்டை, வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நாலு பட்டை. வயலில் அங்கங்கே பத்துப் பயிரைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியைப் பட்டை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இலையைப் பிய்க்கக் கூடாது. வெயில் இலையில் விழாமல் முதுகு காட்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் ஏமாற்றும். காலை எட்டு, ஒன்பது மணி, ஒவ்வொரு முறையும் அதே ஆள். பத்தில் ஆறு இலை மூன்றாம் பட்டைக்குக் கீழே போனால் யூரியா போடலாம்.

14ஆம் நாள், வழக்கமாக முதல் யூரியா விழும் நாள். பத்தில் எட்டு இலை மூன்றுக்கு மேல். மாமாவின் கை துருதுருத்தது. பக்கத்து வயல்காரர் எறிந்துகொண்டிருந்தார். "அவன்ட வயல் கறுத்திட்டா ஊர் என்னைச் சிரிக்கும்" என்றார். இலை கேட்கவில்லையே மாமா என்றேன். மனமில்லாமல் பொறுத்தார். 26ஆம் நாள் ஏழு இலை கீழே போனது, ஏக்கருக்கு 20 கிலோ போட்டோம். 48ஆம் நாள், குருத்துக்குள் கதிர் பிறக்கும் நேரம், இன்னொரு 25. மொத்தம் 45 கிலோ.

போடும்போது தண்ணீரைச் சேறு தெரியும் அளவுக்கு இறக்கி, பின்னேரம் எறிந்து, அடுத்த நாள் மெல்லப் பாய்ச்சி, நாலைந்து நாள் வக்கடையைத் திறக்காமல் வைத்தோம். கார்த்திகை, மார்கழியில் எங்களுக்கு மழை கொட்டும், வருடத்து மழையில் பெரும்பகுதி அப்போதுதான். அதனால் இரண்டாவது முறை, மழை விடட்டும் என்று மூன்று நாள் காத்திருந்தோம். வரம்பு வழிந்தோடினால் யூரியாவும் எருச்சாறும் விரிகுடாவுக்குத்தான் போகும். அங்கே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்களின் தண்ணீர் அது. வயலுக்கு நட்டம் என்பதோடு இதையும் நான் மனதில் வைத்துத்தான் வக்கடையைப் பார்க்கிறேன்.

மூடைக் கணக்கு

எரு மட்டும் போட்ட அரை ஏக்கரில் பத்தரை மூடை, ஏக்கருக்கு 21. எருவும் 45 கிலோ யூரியாவும் போட்ட இடத்தில் ஏக்கருக்கு 27. வரம்புக்கு அந்தப் பக்கம், அதே நெல், 90 கிலோ யூரியா போட்டவருக்கு 28.

ஒரு மூடை குறைவு, 45 கிலோ யூரியா மிச்சம். அந்த விலைக்கு 9,000 ரூபாய். எருவை ஏற்றிய கூலி, இலை வெட்டிய கூலி, கோழி எரு விலை எல்லாம் சேர்த்தால் முதல் போகத்தில் மாமாவுக்கு மிச்சமொன்றும் இல்லை, கிட்டத்தட்டச் சமன். யூரியா மலிந்தால் சமனும் இருக்காது. இதை மறைத்து எழுதினால் அடுத்த வயல்காரரை நான் ஏமாற்றியவனாவேன். எருவின் நைதரசன் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் மண்ணில்தான் இருக்கிறது, அடுத்த போகங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஒரே போகத்துக் கணக்கில் அதைப் பார்க்க முடியாது.

நான் அடிக்கடி நினைப்பது அந்த 21 மூடையைத்தான். யூரியா ஒரு கிலோகூட இல்லாத துண்டு, 2021இல் 15 தந்த அதே வயல். மழை வேறு, போகம் வேறு, ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் வைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு மஞ்சளடித்த வயதில் இந்தப் பயிர் மஞ்சளடிக்கவில்லை. 24ஆம் நாள் மாமா ஒன்றைப் பிடுங்கி அலசிக் காட்டினார், வேர் வெள்ளையாக, நுனியில் லேசாகச் செம்பு நிறத்தோடு இருந்தது. நாலு கிளை. அன்றைய விதைப்புக்கு மூன்று மாதம் முன்னால் எங்களுக்கு யாராவது வைக்கோலைப் பட்டிக்கு அனுப்புங்கள், ஐந்து கிழமைக்கு முன் உழுங்கள் என்று சொல்லியிருந்தால், 2021இல் பல வீட்டில் அரிசிக்குக் கடன் விழுந்திருக்காது.

அந்தத் துண்டு தந்த ஏக்கருக்கு 21 மூடை என்ற கணக்கு எல்லையையும் காட்டுகிறது. எங்களிடம் இருக்கிற எரு, இலை, ஆள்பலம் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பாவித்தும் அவ்வளவுதான். முழுக்க எருவால் 28 எடுக்கலாம் என்று என்னால் மாமாவுக்குச் சொல்ல முடியவில்லை. பாதி யூரியாவால் எடுக்கலாம் என்று சொல்ல முடிந்தது.

இன்னும் சரிசெய்ய வேண்டியது மேட்டுப்பக்கம். அங்கே மணல், அமோனியத்தைப் பிடித்து வைக்கக் களி போதாது. இலை நிறம் பள்ளத்தை விட ஒரு கிழமை முந்தி வெளுத்தது. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே அளவு எறிந்தது பிழை. அடுத்த பெரும்போகத்துக்கு மேட்டுக்கு மட்டும் பட்டி எருவைக் கூட்டி, யூரியாவை இரண்டுக்குப் பதிலாக மூன்றாகப் பிரித்துப் போடுவதாக இருக்கிறோம். சிறுபோகம் வெட்டிய கையோடு அந்தப் பக்கம் தழைப் பசளைக்காகச் சணல் விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழவும் மாமா யோசிக்கிறார். குளத்தில் தண்ணீர் மிஞ்ச வேண்டும், மாடு ஏறாமல் வேலியும் வேண்டும்.

போன கிழமை காக்கா தொலைபேசி எடுத்தாராம். பட்டிக்கு இந்த முறை வைக்கோல் கூடத் தேவை, பக்கத்துப் பட்டிக்காரரும் கேட்கிறார், எத்தனை பெட்டி தருவீர்கள் என்று. வரம்புக்கு அந்தப் பக்கத்து வயல்காரரின் வைக்கோலையும் கேட்டுப் பார்ப்பதாக மாமா சொல்லியிருக்கிறார்.